திருத்தாமல் திரும்பியவள்

குருநகர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் லவீனாவுக்கு,

மாதாவின் துணையால் நானும் அப்பாவும் இருக்கிறோம். நீயும் சுகமாய் இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் பதினொரு நாளாக நீ போனை எடுக்கவில்லை. "நான் பழக்கினது பிழைச்சுப்போச்சம்மா" என்று ஒரு வரி அனுப்பினாய், அதற்குப் பிறகு சத்தமேயில்லை. பக்கத்து வீட்டு ஷெரோன் இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள்.

அன்றைக்கு நாங்கள் முழுவதும் பார்த்தோம் பிள்ளை. ஷெரோன் லப்டொப்பை அப்பாவின் கட்டிலில் வைத்து, இதுதான் வானத்தில் சுற்றிக்கொண்டு புயல் பார்க்கிற செய்மதி, அதைத் திருத்த விண்கலத்தில் போயிருக்கிற அந்த வெள்ளை உடுப்புக்காரிதான் லவீனாக்கா பழக்கின ஆள் என்று காட்டினாள். ஒரு வருஷமாக நீ அவளோடு அந்தப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி, விண்வெளியில் மாதிரி மிதந்துகொண்டே எந்த ஆணியை எப்படிக் கழற்றுவது என்று பழக்கியதை அப்பா வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்று ஆணி கழன்றது, நாலாவது அசையவில்லை. அதற்குள் அவளுடைய கையுறை கிழிந்துவிட்டது, உடனே உள்ளே போ என்று கீழேயிருந்து உத்தரவு வந்தது. அவள் இன்னும் ஒருதரம் பார்க்கிறேன் என்று நின்றாள். ஷெரோன் அதைத் தமிழில் சொன்னதுதான் தாமதம், அப்பா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "விட்டிட்டு வா பிள்ளை, வேலை கிடக்கட்டும், ஏறி வா!" என்று கத்தினார்.

அவள் ஆணியை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்துப் பிடித்து மெல்ல உள்ளே போனாள். கதவு மூடியதும் அப்பா அழுதார். நீ என் வயிற்றில் இருக்கும்போது அவர் கடலட்டை பிடிக்கக் கடலடியில் சுழியோடப் போய்க் கால் இரண்டும் வழங்காமல் போனது காற்றுச் சிலிண்டர் பழுதால் என்றுதான் இருபத்தொன்பது வருஷமாக நம்பியிருந்தேன். அன்றைக்குத்தான் அவர் வாய் திறந்தார், அது பொய்யாம். காற்றுக் குறைகிறது, மேலே வா என்று வள்ளத்திலிருந்து இளையதம்பி அண்ணை கயிற்றை இழுத்து இழுத்துச் சொல்லியும், இன்னும் நாலு அட்டை என்று அடியில் நின்றாராம். பிறகு காற்று முடிய ஒரே மூச்சில் மேலே வந்திருக்கிறார், அந்த வேகம்தான் காலை முடக்கியதாம். "என்ரை பிள்ளை பழக்கினவள் சொல்லுக் கேட்டுத் திரும்பி வந்திட்டாளப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

செய்தியில் தோல்வி என்கிறார்கள். செய்மதி பழுதாகவே நிற்கட்டும், எனக்கு அந்தப் பெண்ணின் தாயை நினைக்க ஆறுதலாய் இருக்கிறது. இங்கே வீடு வெறிச்சென்று கிடக்கிறது. கோயிலில் மகள் எப்படி என்று கேட்டால், ஓம் நேற்றும் கதைத்தவள் என்று பொய் சொல்லிவிட்டு வருகிறேன். அரைக் கிலோ மீன் வாங்கினாலும் மிஞ்சுகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு, காதுக்குள் தண்ணீர் நிற்க விடாதே.

அப்பா தினமும் காலையில் சேவ் எடுத்துச் சேட்டு மாற்றிக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அந்தக் கடல் கதையை உனக்குத் தன் வாயால் சொல்ல வேண்டுமாம். நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே மகள், முதல்தரம் கேட்கிற மாதிரிக் கேள்.

மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்திருப்பாளாக.

உன்ரை அம்மா,
லூர்த்தம்மா கிறகோரி