பூஜையில் வைத்த நோட்டு

அன்புப் பேத்திக்கு,

சரஸ்வதி பூஜையன்று உன் கால்குலஸ் நோட்டைச் சாமி முன்னால் வைத்தேன். "நாளைக்கு டெஸ்ட், குடு லா பாட்டி!" என்றாய். "பூஜையில வச்சத விடியாம எடுக்கக்கூடாது" என்றேன். வெறுங்கையோடு கிள்ளான் ஸ்டேஷனில் யூனிவர்சிட்டிக்கு ரயில் ஏறினாய். நீ தேறவில்லை என்று உன் அப்பா சொல்லித்தான் தெரியும்.

மூன்று ஞாயிறாக நீ வரவில்லை, போனும் இல்லை. கோயிலில் கேட்பவர்களிடம், "ரெண்டாவது செமஸ்டர், ஹானர்ஸ் கணக்கு, வர நேரமில்ல" என்று பெருமையாகத்தான் சொல்கிறேன்.

தினமும் நோட்டைத் திறக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு என்ன புரியும்? கடைசிக் கணக்கை நீ பாதியில் விட்டிருப்பது மட்டும் தெரிகிறது.

நோட்டை எடுக்கவாவது வருவாய் என்றுதான் அனுப்பாமல் வைத்திருந்தேன். அடுத்த வாரம் பெரிய பரீட்சையாமே. இன்று தபாலில் போடுகிறேன். அந்தப் பாதிக் கணக்கின் மேல் இந்தக் கடிதம் இருக்கும்.

உன் பாட்டி