நேயர் பட்டியல்

3 ஆகஸ்ட் 1989

இன்று வீடு வீடாகப் போய் முப்பத்திரண்டு படிவங்கள் நிரப்பினேன். பனியன் கம்பெனிப் பெண்கள் மாலை ஆறு மணிக்கு எந்த ரேடியோ ஸ்டேஷனில் பாட்டுக் கேட்கிறார்கள்? பத்தில் ஏழு பேர் இலங்கை வானொலி என்கிறார்கள். கோவையிலிருந்து வரும் எங்கள் நிகழ்ச்சிக்கு மூன்றே பேர். அதைத் தயாரிக்கும், நான் வேலை பார்க்கும் விளம்பர ஏஜென்சி திருமூர்த்தி சாருடையது. பார்த்தால் குதிப்பார்.

கடைசி வீடு செட்டித்தோட்டம் லைன் வீடுகளில் ஒன்று. மருதாள், செக்கிங் வேலை, இருபது வயதிருக்கும். கட்டிக்கொண்ட டெய்லர் ராக்கையா தெற்கத்தி ஆள், வேறு ஜாதி. ஓடிவந்து நாலு மாதமாம். "பேரை எங்கயும் போட்டறாதீங்கக்கா. எங்கண்ணன் குன்னத்தூர்ல இருந்து தேடீட்டே இருக்கறான்" என்றாள். போடமாட்டேன் என்றேன். பெயரில்லாத படிவத்தை சார் சேர்த்துக்கொள்ள மாட்டார். தெருவுக்கு வந்ததும் எழுதிவிட்டேன் - பெயர், சொந்த ஊர், இருக்கும் இடம்.

9 ஆகஸ்ட்

சார் குதிக்கவில்லை. சிரித்தார். எனக்கு என்னவோ போலிருந்தது. "பத்ரு, இலங்கைக்காரன் திருப்பூர்ப் பொண்ணுக பேரைச் சொல்லுவானா? நாம சொல்லுவோம். ஊர், லைன் எல்லாம் சேர்த்து. தம் பேரு எப்ப வரும்னு அத்தனை பேரும் நம்ம ஸ்டேஷனைத்தான் திருப்புவாளுக."

படிவக் கட்டை அப்படியே எடுத்துக்கொண்டார். கை நீட்டினேன். "என்னம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க சார்."

ஏன் அப்படிச் சொன்னேன்?

10 ஆகஸ்ட்

எல்லாப் பெயரையுமா படிக்கப்போகிறார்கள்? பத்து, பதினைந்து படிப்பார்கள். அவ்வளவுதான்.

16 ஆகஸ்ட்

ரேடியோவில் படித்துவிட்டார்கள். "குன்னத்தூரைச் சொந்த ஊராகக் கொண்டு, திருப்பூர் செட்டித்தோட்டம் லைனில் வசிக்கும் மருதாள்..." அத்தனை இனிமையான குரல். அத்தா, "மகளே, உன் வேலை நல்லா நடக்குதே" என்றார்.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். மருதாள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை. ராக்கையாதான், "ஆர்டர் முடியாம கம்பெனில விடமாட்டாங்க. ஞாயித்துக்கிழமை மதுரைக்குப் போயிருவோம்க்கா" என்றான். இன்றே போங்கள் என்று கெஞ்சினேன். நாலு நாளில் என்ன ஆகிவிடும் என்றான்.

19 ஆகஸ்ட், சனி

மத்தியானம் காரில் வந்திருக்கிறார்கள். அண்ணனும் இரண்டு பேரும். ராக்கையா கம்பெனியில். மருதாளை இழுத்துப்போனதை லைனே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. போலீஸில், "அண்ணன்தானே கூட்டிட்டுப் போனான்" என்று ராக்கையாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

24 ஆகஸ்ட்

புதுக் கணக்கெடுப்பு வந்தது. எங்களுக்குப் பத்தில் ஆறு பேர். ஆபீஸில் எல்லோருக்கும் ஜாங்கிரி. நான் மருதாள் விஷயத்தைச் சொன்னேன். "அது அவங்க குடும்ப விவகாரம். அடுத்து சேவூர், குன்னத்தூர் பாரு. அங்கயும் பேரு எடு" என்றார் சார்.

குன்னத்தூர். போகிறேன்.

2 செப்டம்பர்

விசாரித்து அந்த வீட்டுக்கே போனேன். வாசலில் மருதாளின் அம்மா நஞ்சம்மாள். படிவத்தை விரித்து, "ஊட்டுல பாட்டுக் கேக்கறவங்க எத்தனை பேருங்க?" என்றேன்.

"நாலு பேருங்க."

உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல். "மூணுன்னு எழுதச் சொல்லு."

அந்த அம்மா என்னையே பார்த்தார். பிறகு, "மூணுங்க" என்றார். எழுதினேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

அடுத்த வீட்டுப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "போன வாரம் மருதாளுக்கு வயித்துவலின்னாங்க. டாக்டருகிட்டக்கூடக் காட்டலீங்க. விடியறதுக்குள்ள காட்டுலயே எரிச்சுட்டாங்க. முந்தின நாளு அந்தப் புள்ள கத்துனது எங்க ஊடு வரைக்கும் கேட்டுதுங்க."

மற்ற வீடுகளுக்குப் போகாமல் திருப்பூர் பஸ் ஏறினேன்.

4 செப்டம்பர்

ராக்கையாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். இன்று அவனோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அத்தா வேண்டாம் என்றார். பிறகு அவரும் கூடவே வந்தார். குன்னத்தூரில் கேட்டதையெல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "அந்தப் புள்ள இங்க இருக்கறது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ராக்கையா என் பக்கம் திரும்பவில்லை.

"நான் கொடுத்த பட்டியலுங்க" என்றேன். "எம் பேரு பத்ருன்னிசா. எழுதிக்கங்க."