சுவரில் ஊன்றிப் பார்த்த வியாழன்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பைனாகுலரில் மூன்று நாளாகச் சாயங்காலம் மாடியிலிருந்து வியாழனைப் பார்த்தேன். ஒளி நிற்காமல் குதித்தது. மட்டமான சாமானை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

நேற்று மேல்வீட்டு டீச்சர் வாங்கிப் பார்த்தார். “நல்லாத்தானே இருக்கு! சுவத்துல ஊனிப் பாருங்கண்ணே” என்றார். ஊன்றினேன். குட்டித் தட்டாக வியாழன், பக்கத்தில் மூன்று புள்ளிகள்.

“அதெல்லாம் அதோட நிலாக்கள்” என்றார். பிரமித்துப்போனேன்.

சலூனை இரண்டு வாரமாகத் திறக்கவில்லை. வாடிக்கைக்காரர் ஒருவருக்குக் காதோரம் கத்தி பட்டுவிட்டது, சின்னக் கீறல்தான். அம்மாவிடம், கடைக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை டாக்டரிடம் கையைக் காட்டப் போகிறேன். தனியாகப் போக ஒரு மாதிரியாக இருக்கிறது. உனக்கு லீவு கிடைக்குமா?

உன் அப்பா