மூணு தண்ணி

சப்போரோ, ஜப்பான்
14.2.1999

அன்புள்ள அப்பாவுக்கு,

மாலினியின் வணக்கம். சாயத்தில் வெடித்திருந்த உங்கள் கை இப்போது தேவலையா? அம்மாவின் முட்டிவலி? நான் சௌக்கியம். பனியும் பழகி வருகிறது.

போன வாரம் ஒரு வேடிக்கை. நம் சாயப்பட்டறை வாசலில் சாயங்காலம் பூக்குமே அந்திமந்தாரை, அதன் இலையில் வைரஸைத் தடுக்கும் புரதம் இருக்கிறது. அது எப்படி உருவாகிறது என்று பார்க்கத்தான் இலையின் செல்களைத் தனித்தனியாகப் பிரிக்கிறேன். பட்டில் பசை போக்குவது போலத்தான். என்சைமில் ஊறவைத்தால் செல்லின் சுவர் கரைந்து, பச்சை உருண்டை மட்டும் மிஞ்சும்.

பிறகு என்சைமைக் கழுவ வேண்டும். அந்த நேரம் பார்த்து என் காதில், பட்டை அலசும்போது அதட்டும் உங்கள் குரல்: "இன்னா கண்ணு அவசரம்? மூணு தண்ணி அலசு!" நல்ல தண்ணீரில் அலசினேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஓர் உருண்டைகூட இல்லை. சுவர் இல்லாததால் தண்ணீரைக் குடித்துக் குடித்து எல்லாம் வெடித்துவிட்டன. சர்க்கரைக் கரைசலில்தான் அலச வேண்டும் என்று எனக்குத் தெரியும், என் கைக்குத்தான் தெரியவில்லை. பேராசிரியர் திட்டவில்லை, சிரித்தார்.

மறுபடி செய்தது நன்றாக வந்திருக்கிறது. சில நாள் தொந்தரவு செய்யாமல் விட்டால் அவையே புதுச் சுவர் கட்டிக்கொள்ளும்.

கொஞ்சம் வடகம் அனுப்புங்கள். அந்திமந்தாரை விதையும் ஒரு பிடி. ஆராய்ச்சிக்கு இல்லை, என் ஜன்னலுக்கு.

செல்களைப் பார்க்க நேரமாகிவிட்டது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். அம்மாவிடம் சொல்லிவையுங்கள், எது வேண்டுமானாலும் பேசட்டும், "சாப்டியா கண்ணு" என்று மட்டும் கேட்க வேண்டாம். எனக்கும் இன்னும் சில நாள் போகட்டும்.

உங்கள்
மாலினி