நல்லா இருக்கேன் என்றவர்

செக்கானூரணி,
22-1-1946

அன்புள்ள ஹாஜராவுக்கு,

நீ அனுப்பிய கேள்வித் தாள்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. பொங்கல் நன்றாகக் கழிந்தது. வேலைதான் நகர மாட்டேன் என்கிறது.

முதுமையில் ஞாபகம் எப்படி மாறுகிறது என்று ஆராய, அறுபது கடந்தும் நோய் நொடி இல்லாத இருபது பேர் வேண்டும் என்கிறார் நம் பேராசிரியர். நோயாளியைச் சேர்த்தால் மறதி வயதால் வந்ததா, நோயால் வந்ததா என்று தெரியாதாம். நியாயம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் நலமாக இருக்கிற யாரும் நலம் என்று சொல்ல மாட்டார்களே!

அழகுமலைத் தாத்தா மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். "ஒடம்பு எப்படி இருக்கு தாத்தா?" என்றேன். "என்னத்தச் சொல்ல தாயி, இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்கேன்" என்று சொல்லிவிட்டு அந்தி சாயும்வரை இறைத்தார். பழங்காநத்தத்தில் சுந்தரம்மாள் தலையில் நெல் மூட்டையோடு நின்று, தனக்கு இல்லாத வியாதியெல்லாம் சொன்னாள். "நல்லா இருக்கேன்னு என் வாயால சொல்ல வச்சுட்டு நீ பாட்டுக்குப் போயிருவ. கண்ணு பட்டுப் படுத்துட்டா நீயா வந்து கஞ்சி ஊத்துவ?" என்று சண்டைக்கு வந்தாள்.

வாயால் நோய் சொன்னவரை நீக்கு என்கிறது தாள். இதுவரை எல்லோரையும் நீக்கிவிட்டேன். தெரியாதவர் முன்னால் எனக்கு நாக்கு எழாது என்று உனக்குத் தெரியும். வெட்கத்தை விட்டுக் கேட்டும் பலன் இல்லை என்றால் அழுகைதான் வருகிறது. இரவு சாப்பிடும்போது அய்யா வேறு, "எம்புட்டுப் பேரு சிக்குனாக?" என்று ஆசையாகக் கேட்கிறார்.

ஏதாவது வழி சொல்.

உன் அன்புள்ள,
முத்துத்தாய்


சென்னை,
30-1-1946

அன்புத் தோழி முத்துத்தாய்க்கு,

உன் கடிதத்தைப் படித்து அறையே அதிரச் சிரித்தேன். பேராசிரியரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எல்லோரையும் ஒரே கேள்விதான் கேட்க வேண்டும், வந்த பதிலைத் திருத்த நமக்கு உரிமை இல்லை என்றார்.

பிப்ரவரிக்குள் பட்டியல் நிறையாவிட்டால் உனக்குச் சொல்லியிருக்கிற உதவியாளர் வேலை வேறொருவருக்குப் போய்விடும். எனக்கு அதுதான் பயம். விடுதியில் என் அறையிலேயே உனக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நீ. அங்கேயே கிணற்றடியில் நின்றுவிடாதே. உன் அய்யாவைப் போலவே எங்கள் அத்தாவும் ஒவ்வொரு கடிதத்திலும், "அந்தப் புள்ளைக்கு வேலை ஆயிருச்சா?" என்றுதான் கேட்கிறார்.

எப்படியாவது பேச வை. நீ கெட்டிக்காரி.

உன்,
ஹாஜரா


செக்கானூரணி,
17-2-1946

அன்புள்ள ஹாஜராவுக்கு,

வழி கிடைத்தது! "நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு மூணு தரம் துப்பிக்கங்க, கண்ணு படாது" என்றேன். அவ்வளவுதான், வாய் திறந்துவிட்டார்கள். சுந்தரம்மாள் சொன்னதற்கு ஒரு தரம், நான் எழுதியதற்கு ஒரு தரம் என்று துப்பியதில் என் சேலை பாழ். பேராசிரியர் தாளில் துப்பலுக்கு இடம் இல்லை. நல்ல வேளை.

இருபதில் ஒரு பெயர்தான் குறைந்தது. சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். "என் பேரை எழுதிக்க ஆத்தா. எனக்கும் அறுபது தாண்டிருச்சு, ஒரு கொறையும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்" என்றார் அய்யா. எழுதிக்கொண்டேன்.

ஆனால் அவர் துப்பவில்லை, ஹாஜரா. எங்கள் மாட்டை யாராவது நின்று பார்த்தால்கூட மண் எடுத்துச் சுற்றிப் போடுகிறவர். ஏனோ எனக்கு மனசு ஒப்பவில்லை. பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆனால் நான் மறுபடி எழுதும்வரை அதைக் கொடுக்காதே.

உன்,
முத்துத்தாய்


சென்னை,
23-2-1946

அன்புத் தோழிக்கு,

திட்டாதே. பட்டியலைக் கொடுத்துவிட்டேன். வேறொரு பெண் விண்ணப்பத்தோடு வாசலில் வந்து நின்றாள், காத்திருக்க முடியவில்லை. எல்லாப் பெயரையும் சரிபார்த்ததாக நானே கையெழுத்தும் போட்டேன். பெற்ற தகப்பன் நலமாக இருக்கிறார் என்றால் அதில் என்ன சந்தேகம் உனக்கு? துப்ப மறந்திருப்பார், விடு.

வேலை ஆணை இத்துடன் இருக்கிறது. ஞாபகச் சோதனையில் சொல்லும் கதையையும் வைத்திருக்கிறேன். படித்துப் பழகிக்கொள். இன்ஷா அல்லாஹ், மார்ச் பத்தாம் தேதி எழும்பூரில் வந்து நிற்பேன்.

உன்,
ஹாஜரா


செக்கானூரணி,
3-3-1946

ஹாஜராவுக்கு,

ஆணை வந்தது. எழுத்துத் தெரியாத அய்யா அதை வாங்கித் தடவித் தடவிப் பார்த்தார். "மெட்ராசுக்கு எப்பத்தா போற?" என்றார். சொன்னேன். வெற்றிலை போட்டு முடித்ததும் அதையே மறுபடி கேட்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் விடவில்லை. கடைசியில் அழுதுகொண்டே சொன்னாள். "ஐப்பசியில இருந்தே இப்பிடித்தான்டி. காட்டுக்குப் போனா வீட்டுக்கு வழி தெரியல. மாட்டுக் கயித்தப் பிடிச்சுக்கிட்டு அது பின்னாடியே வாராரு. ஒனக்குத் தெரிஞ்சா மெட்ராசுக்குப் போக மாட்டேம்பன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

நல்லா இருக்கிறவர் யாரும் நல்லா இருக்கேன் என்று சொல்ல மாட்டார் என்று ஊர் ஊராக அலைந்து தெரிந்துகொண்டவள் நான். சொந்த வீட்டில் அய்யா சொன்னதும் நம்பி எழுதிக்கொண்டேன்.

சிவனாண்டி என்ற அய்யாவின் பெயரை நீக்கும்படி பேராசிரியருக்கு நேற்று எழுதிவிட்டேன். வேலைக்கு வர இயலாது என்றும் எழுதினேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஆனால் பட்டியலில் உன் கையெழுத்து இருக்கிறது, அவர் கேட்பார். உனக்கு என்மேல் கோபம் வரும். எனக்கும் உன்மேல் கோபம்தான். கொடுக்காதே என்று ஒன்றுதானே கேட்டேன்? அறையில் என் இடத்தை அந்த இன்னொரு பெண்ணுக்கே கொடு. பத்தாம் தேதி எழும்பூருக்குப் போகாதே.

வேலையை விட்டதை அய்யாவிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று மாலை, "ஊர்ல எல்லாருக்கும் பரீச்சை வைக்கப் போறியாம்ல, எனக்கும் வையி" என்று பிடிவாதமாக உட்கார்ந்துகொண்டார். நீ அனுப்பிய கதையைச் சொன்னேன். ஒருவர் சந்தைக்குப் போகிறார், ஆடு வாங்குகிறார், மழையில் மாட்டிச் சத்திரத்தில் தங்கி, மறுநாள் வீடு திரும்புகிறார். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஆடும் இல்லை, மழையும் இல்லை.

"அந்த ஆளு மகள ரயிலேத்தி விட்டுட்டு வந்தான்" என்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனியாத்தான் வந்தான் தாயி. வழியெல்லாம் அவனுக்கு நல்லாத் தெரியும்" என்றார்.

முத்துத்தாய்