பழுதெண்டு சொன்ன றேடியோ

மார்க்கண்டு பழைய சாமான் கடையில் வாங்கிவந்த றேடியோ வீட்டில் ஒருநாளும் பாடவில்லை. "பழுது" என்று சொல்லிவிட்டு, செய்தி கேட்கப் பக்கத்தில் ஏரம்பு வீட்டுக்குப் போவார். போட்டுப் பார்த்து வாங்கத் தெரியாதா என்று மனைவி குணலட்சுமி நேற்றும் ஏசினாள். இன்று அவர் வெளியே போனபின், மின்சாரமில்லாத ஊரில் எல்லோரும் செய்வதுபோல், சைக்கிள் டைனமோவில் அதைக் கொழுவி மிதியைச் சுற்றினாள். நன்றாகவே பாடியது. குமிழைத் திருகப் போன கை அப்படியே நின்றது. அழுது முடித்து, கலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதினாள்.

"இஞ்சாருங்கோ, அக்காவைப் பாக்கப் புத்தூருக்குப் போறன், பொழுதுபட வந்திடுவன். புட்டும் சொதியும் மூடி வைச்சிருக்கிறன், ஆறமுன்னம் சாப்பிடுங்கோ.

றேடியோவிலை பழுதில்லை. உடைஞ்ச குமிழுக்குப் பதிலா என்ரை நீலச் சட்டைப் பொத்தான் ஒட்டிக் கிடக்கு. பெருநாளுக்கு என்ரை சிநேகிதி ஸபூரா வீட்டை போனபோது நான்தானே ஒட்டினனான், நீங்களும் பக்கத்திலை இருந்தனீங்கள். ஐப்பசியிலை இயக்கப் பொடியள் யாழ்ப்பாணத்தாலை முஸ்லிம் சனத்தைக் கலைக்கேக்கை அவையை இதைக்கூடக் கொண்டுபோக விடேல்லை. அவையின்ரை எண்டு தெரிஞ்சுதான் வாங்கினனீங்கள், என்ன? அதுதான் ஒருநாளும் போடேல்லை. எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நேற்று ஏசினதை மனசிலை வைச்சிருக்காதேங்கோ.

றேடியோவை என்ரை கூறைச்சீலையாலை சுத்திப் பெட்டிக்குள்ளை வைச்சுப் பூட்டியிருக்கிறன். திறப்பு சாமிப்படத்துக்குப் பின்னாலை. அவை வாற அண்டைக்குக் குடுப்பம்."

பிறகு, தாளின் அடியில் இடம் போதாமல் நெருக்கி எழுதினாள்:

"ஏரம்பு அண்ணை வேலிக்கு மேலாலை எட்டி, 'என்ன பிள்ளை, றேடியோ பாடுதே?' எண்டு கேட்டார். கொஞ்சம் பாடிப்போட்டுத் திரும்பப் பழுதாப் போச்செண்டு சொன்னன். இரவைக்குச் செய்தி கேக்க நானும் உங்களோடை அங்கை வாறன்."