நாற்பது நிமிடம் நனையாது

ஜூலை 9, 2024, செவ்வாய்

அஃப்ரா இன்று வேலைக்குத் திரும்பிவிட்டாள். கூடவே ஜோயாவும். ஆறு மாதக் குழந்தை, அம்மாவின் மூக்கு அப்படியே.

"வீட்ல பாத்துக்க ஆள் இல்லக்கா, தூக்கினு வரட்டா?" என்று போன வாரம் போனில் கேட்டாள். வா என்றேன். சொன்ன பிறகுதான் எங்கே படுக்க வைப்பது என்று யோசித்தேன். மழைக்கோட்டும் பைகளும் தைக்கிற நம் கொண்டல் கம்பெனி மொத்தமே மூன்று அறை, ஒரு பால்கனி. ஒரு அறையில் வெட்டும் மேஜை, இன்னொன்றில் நாலு தையல் மெஷின், கடைசியில் துணி ரோல்களும் டேப் ஒட்டும் மெஷினும். கடைசி அறையைக் காலி செய்து ஜன்னலோரம் தொட்டில் கட்டினோம். அஃப்ரா பக்கத்திலேயே இருக்கலாம் அல்லவா. மழைக்கோட்டின் தையல் வழியாகத் தண்ணீர் இறங்காமல் சூடுபடுத்தி டேப் ஒட்டுவது அவள் வேலை. அவளைப் போல் சுருக்கம் விழாமல் ஒட்ட இங்கே யாரும் இல்லை.

அவளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்ட கணவர் ஃபராஸ், கச்சேரி ரோட்டு மெட்ரோ தடுப்பைத் திட்டிக்கொண்டே மாடிக்கு வந்தார். தொட்டில் முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகுதான் போனார்.

என் வீட்டுக்காரர் கிரீஷ் வழக்கம்போல் கணக்கோடு வந்து நின்றார். செப்டம்பர் முடிவதற்குள் முந்நூறு கோட்டு. குழந்தையைப் பார்த்ததும் எண்ணை மறந்துவிட்டார்.

ஜூலை 11

மெஷின் ஓடினால்தான் ஜோயா தூங்குகிறாள். மதியம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து அலறுகிறாள். இன்று கிரீஷ் ஒரு கையில் தயிர்சாத டப்பாவோடு உட்கார்ந்து, காலால் சும்மா ஒரு மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஜூலை 18, வியாழன்

நான் ஏன் அப்படிச் சொன்னேன்?

நாலு மணி இருக்கும். அஃப்ரா டேப் மெஷினை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. டேப் ஒட்டசொல்லோ ஒரு வாசன வருதுல்ல... அது புள்ளைக்கு ஒண்ணும் பண்ணாதே?"

"சேச்சே, ஒண்ணும் பண்ணாது. நம்மளோடது நல்ல கோட்டிங்."

"சரிக்கா" என்று சொல்லி மறுபடி மெஷினைப் போட்டாள். அவ்வளவுதான். நம்பிவிட்டாள்.

எனக்கு எப்படித் தெரியும், ஒன்றும் பண்ணாது என்று? துணி பூச்சோடுதான் மில்லிலிருந்து வருகிறது. என்ன பூச்சு? மில்லில் சொன்னதை நான் லேபிளில் அச்சடித்தேன்: மண்ணுக்கும் நீருக்கும் தீங்கில்லாதது. நானே எழுதிய வாக்கியம். அதற்காக ஒரு மேடையில் கைத்தட்டல்கூட வாங்கியிருக்கிறேன்.

இன்னொன்று. நாலு வருஷமாக அந்த வாசனையை அவள் சுவாசிக்கிறாள். வயிற்றில் ஜோயா இருந்தபோது ஒன்பதாம் மாதம் வரைக்கும். தனக்காக ஒரு நாளும் கேட்டதில்லை.

ஜூலை 19

ஃபைலைத் தேடி எடுத்தேன். மில் கொடுத்த சான்றிதழ். தேதி 2021. அதில் உள்ள எண்ணுடைய துணியை நாம் இப்போது வாங்குவதே இல்லை. மூன்று வருஷமாக அந்தத் தாளை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மில்லில் நம் ஆர்டரைப் பார்க்கிற சுஹாஸைக் கூப்பிட்டேன். "மேடம், அதே மாதிரி துணிதான். கஸ்டமர் யாரும் இதெல்லாம் கேக்கறதில்லையே?" என்றார்.

டேப் மெஷினைப் பால்கனிக்குத் தள்ளி ஃபேன் வைத்தாயிற்று. தொட்டில் முன்னறைக்கு வந்துவிட்டது. ஏன் என்று அஃப்ரா கேட்டாள். காற்றோட்டத்துக்கு என்றேன். அதுவும் பொய்தான்.

ஜூலை 22

நாலு துண்டு துணியை வெட்டி கிண்டியில் ஒரு ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். கிரீஷிடம் சொல்லவில்லை. அடையாற்றுப் பாலத்தின் மேல் பஸ் நின்றது, பத்து நிமிஷம். தண்ணீரைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வந்துவிட்டது. நாலு துண்டிலும் இருக்கிறது, ஃப்ளூரின் வகைப் பூச்சு. மண்ணில் மக்காது. ஆற்றில் போனால் ஆற்றிலேயே இருக்கும். உடம்புக்குள் போனால் அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது.

கிரீஷிடம் தாளை நீட்டினேன். நின்றபடியே படித்தார்.

"எங்கிட்ட சொல்லாமயே டெஸ்டுக்குக் குடுத்தியா?"

"சொன்னா வேண்டாம்னு சொல்லுவியோன்னு பயம்."

"நாட்டுல எத்தன கம்பெனி டெஸ்ட் பண்றா? யாருமே பண்றதில்ல. நாம மட்டும் நம்ம கழுத்துல நாமளே..." தாளை மடித்தார், பிரித்தார். "நான் எத்தன ஓடையோரமா நின்னு மலையேற வந்தவாகிட்ட சொல்லிண்டு இருந்திருக்கேன் தெரியுமா? இந்தக் கோட்டத் தண்ணில அலசலாம், மீனுக்குக்கூட ஒண்ணும் ஆகாதுன்னு."

பால்கனிக்குப் போய்விட்டார். அந்தத் துணியைத் தேர்ந்தெடுத்தவர் அவர். லேபிளை எழுதியவள் நான். யார் யாரைத் திட்டுவது?

ஆகஸ்ட் 7

பேச்சில்லை. சாம்பாரில் உப்பில்லை, அதையும் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அஃப்ராவிடம் சொன்னேன். முதலில் அவளிடம்தான் சொல்லவேண்டும் என்று பட்டது. முன்னறையில், ஜோயாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது. வேறு நல்ல நேரம் எதுவும் அமையவில்லை.

முழுசும் கேட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"இவ வயித்துல இருந்தப்பவும் இதே துணிதானேக்கா?"

"ஆமா."

கையைக் கழுவிவிட்டு வந்தாள். குழந்தையைத் தூக்கினாள். பையை எடுத்தாள். படியில் அவள் இறங்கும் சத்தம் கடைசிப் படி வரைக்கும் கேட்டது.

ஆகஸ்ட் 12, திங்கள்

சனியும் வரவில்லை, இன்றும் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். ஃபராஸ்தான் கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை. அது நியாயம்தான்.

அஃப்ரா உள்ளேயிருந்து வந்து சுவரோரம் நின்றாள். நான் மனப்பாடம் செய்துகொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. "மன்னிச்சுக்கோ" என்று மட்டும் சொன்னேன்.

"துணில மருந்து கீதுன்றதுகூட இல்லக்கா. மில்லுக்காரன் உங்கள ஏமாத்தினான், சரி. நான் கேட்டேன்ல? ஒண்ணும் பண்ணாதுன்னு பட்டுனு சொல்ட்டீங்க. தெரியலன்னு சொல்லியிருந்தா நான் பால்கனிலயாச்சும் ஒக்காந்திருப்பேன்ல. அன்னைலேர்ந்து இருவது நாள்..."

இல்லை, மறுநாளே மெஷினைப் பால்கனிக்கு மாற்றினோமே என்று வாய் வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. அவள் நாட்களைப் பற்றிப் பேசவில்லை.

ஃபராஸ் சட்டென்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஒக்காருங்க. டாக்டர்கிட்ட காட்டணும்னு சொல்லிக்கினு இருந்தோம். நீங்க வர்றீங்களா? அந்தப் பேரெல்லாம் எங்களுக்குச் சொல்லத் தெரியாது."

வருகிறேன் என்றேன். ஜோயா என்னைப் பார்த்து, தெரிந்த ஆள் என்று கையை நீட்டினாள். அழாமல் இருந்தது எப்படி என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 15

லீவு. காலையில் எழுந்து வந்தால் கிரீஷ் சாப்பாட்டு மேஜையில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார், பேனாவால். எட்டு நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்து, "இதப் படி மது" என்றார்.

கோட்டு வாங்கிய அறுநூற்றுப் பதினோரு பேருக்கும் கடிதம். முதல் வரி: 'எங்கள் லேபிளில் நாங்கள் சொன்னது உண்மை அல்ல.' என் பெயர் எங்கேயும் இல்லை. துணியைத் தேர்ந்தெடுத்தது நான், பரிசோதிக்காமல் விட்டது நான் என்று எல்லாம் தன் தலையில்.

'நான்' என்று இருந்த இடத்தையெல்லாம் அடித்து 'நாங்கள்' என்று எழுதினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய் எனக்கும் காபி கலந்து கொண்டுவந்தார்.

முந்நூறு கோட்டு இந்த மழைக்கு இல்லை. முடிவாகிவிட்டது என்பது இருவருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மந்தைவெளியில் குழந்தை டாக்டர். எடை, உயரம், எல்லாம் சரியாக இருக்கிறது. "நூத்துக்கு நூறு ஒண்ணும் இல்லன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. இனிமே பக்கத்துல போகாம பாத்துக்குங்க. மூணு மாசத்துக்கு ஒரு தரம் கொண்டுவாங்க" என்றார். அஃப்ரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "இந்த டாக்டரு நல்லவரு" என்றாள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாங்களும் கூட வருவோம் என்று கிரீஷ் சொன்னார். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

நாளை வருகிறாளாம். பை தைக்கிற வேலை மட்டும்.

ஆகஸ்ட் 28

பதில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வசவுதான் அதிகம். 'ஏமாற்றுக்காரர்கள்' என்று ஒன்று. அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

நந்தனத்திலிருந்து சண்முகசுந்தரம் என்பவர் கோட்டோடு நேரிலேயே வந்துவிட்டார். ரிட்டயர்டு ஆசிரியர், வருஷத்துக்கு ஒரு மலை ஏறுகிறவர். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றேன். "அது இருக்கட்டும். இத என்ன பண்ணுவீங்க? குப்பைல போட்டா அதுவும் அதே தண்ணிக்குத்தான போவும்?" என்று கேட்டார்.

"தெரியல சார்" என்றேன். "இப்போதைக்கு மூட்டை கட்டி வெக்கப் போறோம். வழி தெரிஞ்சதும் உங்களுக்கு எழுதறேன்."

தலையை ஆட்டிவிட்டு, கோட்டை நன்றாக மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 11, புதன்

இன்று சிரித்தோம்!

வேறு இடத்திலிருந்து மெழுகு வகைப் பூச்சுத் துணி ஐந்து மாதிரி. இந்த முறை ஆய்வகத்தில் பார்த்த பிறகுதான் மெஷினுக்கே போயிற்று. ஐந்திலும் அஃப்ரா தானாகவே கேட்டு வாங்கி டேப் ஒட்டினாள். தண்ணீர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்க மழை வேண்டுமே, வெயில் கொளுத்துகிறது. கிரீஷ் கோட்டை மாட்டிக்கொண்டு ஆபீஸ் பாத்ரூமில் ஷவருக்கு அடியில் நின்றுவிட்டார், பேண்ட், வாட்ச் எல்லாவற்றோடும். நான் கதவுக்கு வெளியே செல்போனில் நேரம் பார்த்தேன்.

"பதினெட்டு நிமிஷம், தோள்ல ஈரம்!" என்று உள்ளேயிருந்து கத்துவார், தலையைத் துவட்டுவார், அடுத்த கோட்டு. மூன்றாவது கோட்டில் கீழ்வீட்டு மாமி மேலே வந்து, "ஏண்டிம்மா, தண்ணி இவ்ளோ நேரமா போயிண்டே இருக்கே, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்க, அதே நேரம் கிரீஷ் தலைமூடியோடு சொட்டச் சொட்ட வெளியே வர, மாமி இரண்டு படி பின்னால் போய்விட்டார். அஃப்ரா மெஷின் மேல் குனிந்துகொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை. அம்மா சிரிக்கிறாள் என்று ஜோயாவும் ஒரு கத்து கத்தினாள்.

நாலாவது மாதிரி நாற்பது நிமிஷம் தாங்கியது. பழைய கோட்டு மூன்று மணி நேரம் தாங்கும்.

வீட்டுக்கு வந்ததும் கிரீஷுக்குத் தும்மல். கஷாயம் போட்டுக் கொடுத்தேன். "நாற்பது நிமிஷம்னா போறாது மது, இல்ல?" என்றார். போதாதுதான். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், சூடில்லை. கையை எடுக்க மனசில்லை.

செப்டம்பர் 30

லேபிள் அச்சுக்குப் போய்விட்டது. கிரீஷ் எழுதியது: 'பலத்த மழையில் நாற்பது நிமிடம் நனையாது. அதன் பிறகு நனைவீர்கள்.' இப்படி எழுதினால் யார் வாங்குவார்கள் என்று நான்தான் கேட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து கொட்டுகிறது. யாரும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. ஃபராஸ் போன் செய்து, எங்கள் தெருவில் தண்ணீர் ஏறிவிட்டதா என்று விசாரித்தார்.

நவம்பர் 21

எண்பத்திரண்டு கோட்டு விற்றிருக்கிறது. முந்நூறு இல்லை. நாலு பேருக்கும் சம்பளம் பைகளை வைத்து ஓடுகிறது. மூட்டைகளுக்கு இன்னும் வழி தெரியவில்லை, சண்முகசுந்தரம் சாருக்கு அதையே எழுதிப் போட்டேன். மூன்று மாதப் பரிசோதனையில் ஜோயா டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கிக்கொண்டு தரமாட்டேன் என்றாள்.

டிசம்பர் 18, புதன்

காலையில் பைகளின் உள்துணிக்கு ஒரு ரோல் வண்டியில் வந்தது. கிரீஷ் கையெழுத்துப் போட்டு வாங்கி மேஜையில் சாய்த்து வைத்தார். அவசரமான ஆர்டர். இன்றே வெட்டினால்தான் வெள்ளிக்கிழமை அனுப்ப முடியும்.

நான் கத்திரியை எடுப்பதற்குள் அஃப்ரா எழுந்து வந்தாள். ரோலில் ஒட்டியிருந்த எண்ணைப் படித்தாள். கூட வந்த சான்றிதழ்த் தாளைப் பிரித்து அதில் இருந்த எண்ணைப் படித்தாள். விரலை வைத்து, இரண்டாவது முறையும்.

"நம்பர் வேற சார் இது."

"ஒரு ரோல்தானேம்மா. கம்பெனி அதேதான்."

"ஒரு ரோல்தான் சார். திருப்பி அனுப்பிடுங்க."

கிரீஷ் என்னைப் பார்த்தார். நான் கத்திரியைக் கீழே வைத்துவிட்டேன். மற்ற மூன்று மெஷினும் நின்றுவிட்டது. ஜோயா விழித்துக்கொண்டு சிணுங்கத் தொடங்கினாள். அஃப்ரா தாளை மடித்து அவரிடம் நீட்டியபடியே நின்றாள்.

அவர் ரோலைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். வாசற்படியில் இடிபடாமல் பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினார். கொஞ்ச நேரத்தில் கீழே தெருவிலிருந்து அவர் குரல் கேட்டது:

"அண்ணே, வண்டிய எடுத்துடாதீங்கோ, ஒரு நிமிஷம்!"